வரிக்குதிரை மீனுக்குப் பெயர் வைத்த மருத்துவர்: சித்தூர் மலையேறிப் போன பிரான்சிஸ் புக்கானன் யார்?

சென்னையோ திருப்பதியோ, மீன் மார்க்கெட்டில் கட்லா, ரோகு இரண்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆந்திரக் குளங்களிலிருந்து ஐஸ் பெட்டியில் வருபவை. கொல்கத்தாக்காரர்கள் உயிரை விடும் ஹில்சாவையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த மூன்றையும் அறிவியல் உலகத்துக்கு முதலில் முறையாக விவரித்துப் பெயர் வைத்தது ஒரே ஆள். அதுவும் ஒரே புத்தகத்தில், 1822ஆம் ஆண்டில்.

அதே புத்தகத்தில் யாரும் சமைக்க நினைக்காத ஒரு குட்டி மீனும் இருக்கிறது. விரல் நீளம்கூட வராது. உடம்பில் நீலக் கோடுகள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பார்களே, அந்த ஸீப்ரா மீன்தான். புத்தகத்தில் அதற்கு ரேரியோ என்று பெயர். இன்றைய முழுப்பெயர் டேனியோ ரேரியோ. இதயநோய், புற்றுநோய், காசநோய், மரபணுக் குறைபாடு என்று எதை ஆராய்கிற கூடமாக இருந்தாலும், இன்று எலிக்கு அடுத்து அங்கே அதிகம் பேசப்படும் முதுகெலும்புள்ள விலங்குகளில் இதுவும் ஒன்று.

பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். பிறகு பிரான்சிஸ் ஹாமில்டன் ஆனார். இங்கே ஒரு எச்சரிக்கை: இவரைத் தரவுத்தளங்களில் தேடினால் மூன்று பேர் போலக் கிடைப்பார். மீன் பட்டியல்களில் ஹாமில்டன், தாவரப் பட்டியல்களில் புக்கானன்-ஹாமில்டன், வரலாற்றுப் புத்தகங்களில் வெறும் புக்கானன். மூவரும் ஒருவர்தான் என்று தெரியாமல் தேடினால் அவர் வாழ்க்கையில் பாதி உங்கள் கண்ணில் படாது.

காய்ச்சல் படித்த டாக்டர்

1762 பிப்ரவரி 15, ஸ்காட்லாந்து. அப்பா மருத்துவர். மகனும் எடின்பரோவில் மருத்துவம் படித்து 1783ல் பட்டம் பெற்றார். ஆய்வேடு விட்டு விட்டு வரும் காய்ச்சல் பற்றியது. நாம் மலேரியா என்று சொல்வது அதில் அடங்கும். படிக்கும்போதே ஜான் ஹோப் என்ற பேராசிரியரிடம் தாவரவியல் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடிதான், அதனால் டாக்டர்களுக்குத் தாவரவியல் பாடத்திட்டத்திலேயே இருந்தது.

சில ஆண்டுகள் கப்பல் மருத்துவராக ஆசியாவுக்கு வந்து போனார். 1794ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். அடுத்த வருடமே மைக்கேல் சைம்ஸ் தலைமையிலான தூதுக்குழுவோடு பர்மாவின் ஆவா அரசவைக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்ததும் போஸ்டிங் லக்கிப்பூர், இன்றைய வங்கதேசத்தின் கழிமுகப் பகுதி. எங்கு திரும்பினாலும் தண்ணீர். செடி தேடி வந்த மனிதர் அங்கே மீன்களை விவரித்து எழுத ஆரம்பித்தார்.

இதைக் கவனியுங்கள். அவர் மீன் ஆராய்ச்சிக்கென்று யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மருத்துவ வேலை, தூது வேலை, சர்வே வேலை, இவற்றுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எழுதிய குறிப்புகள்தான் கால் நூற்றாண்டுக்குப் பிறகு புத்தகமாயின.

சித்தூருக்கு எப்படி வந்தார்?

1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கொல்லப்பட்டார். புதிதாகக் கையில் வந்த நிலத்தில் என்ன விளைகிறது, எந்த ஊரில் எத்தனை தறி, ஏரி எப்படி இருக்கிறது, மாடு எப்படி, இரும்பு எங்கே உருக்குகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இந்த வேலைக்குப் புக்கானனைத் தேர்ந்தெடுத்தார்.

1800 ஏப்ரல் 23ல் சென்னையிலிருந்து கிளம்பினார். வயது 38. காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் தாண்டி, பெத்தநாயக்கன் துர்கம் கணவாயில் மலையேறி வெங்கடகிரிகோட்டாவுக்கு வந்து சேர்ந்தார். நம்ம ஊர் பஸ் போர்டில் வி.கோட்டா என்று எழுதியிருக்கும் அதே ஊர்தான், இன்றைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். அங்கிருந்து கோலார் பக்கம் இறங்கிப் பெங்களூரு போனார். அந்த ஆண்டிலேயே காவேரிபுரம் வழியாகக் கொங்கு நாட்டுக்கும் வந்தார். கொங்கு வரலாறு எழுதுகிற யாரும் இன்றும் அவரைத் தொடாமல் போக முடிவதில்லை. 1801 ஜூலையில் பயணம் முடிந்தது. 1807ல் மூன்று தொகுதிகளாக லண்டனில் அச்சானது.

அந்தப் பாதை திருப்பதிக்குத் தெற்கே ஒதுங்கியது. ஆனால் சித்தூர் வழியாக மலையேறியவர்களுக்கு ஒன்று தெரியும்: கணவாய்க்குக் கீழே வேகிற ஏப்ரல், மேலே பலமநேர் மேட்டில் ஏறியதும் வேறு மாதம் மாதிரி இருக்கும். பழைய சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு தட்பவெப்பம் உண்டு. மீன் அறை கட்டுபவர்களுக்கு இது பின்னால் தேவைப்படும்.

அவர் எழுதிய பக்கங்களைப் படித்தால் இரண்டு உணர்வு வரும். ஒரு பக்கம், இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு எழுதிய ஒருவரால்தான் 200 ஆண்டுக்கு முந்தைய ஏரி, தறி, கூலி விவரம் நமக்குக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், எவ்வளவு வரி கறக்கலாம் என்று பார்க்கும் முதலாளிக்கான ரிப்போர்ட் அது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கோசி ஆற்று மீன்

1802-03ல் நேபாளம் போனார். அடுத்து கல்கத்தாவில் வெல்லெஸ்லியின் மருத்துவர். கூடவே பாரக்பூரில் இந்திய விலங்குகளையும் பறவைகளையும் சேர்த்து ஆராய்வதற்கென்று தொடங்கிய அமைப்பின் பொறுப்பும் வந்தது. ஹாலுதார் என்ற வங்காள ஓவியர் அவருக்காக விலங்குகளை வரைந்தார். கம்பெனிக்கால இயற்கை வரலாற்றில் இந்திய ஓவியர்களின் கை எங்கும் இருக்கிறது, பெயர் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. ஹாலுதார் பெயராவது தப்பியது.

1807 முதல் 1814 வரை வங்காளம், பீகார், கோரக்பூர் மாவட்டங்களின் மாபெரும் சர்வே. வறண்ட மாதங்களில் ஊர் ஊராகச் சுற்றுவார். மழை பிடித்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுவார். தினாஜ்பூர், ரங்பூர், பூர்ணியா, பாகல்பூர், பாட்னா என்று வரிசை நீளும். பூர்ணியா வழியாக ஓடுவது கோசி ஆறு. வரிக்குதிரை மீனுக்கு அறிவியல் பதிவேட்டில் சொந்த ஊராகக் குறித்திருப்பது அந்தக் கோசியைத்தான்.

பெயர் வைப்பதில் அவருக்கு ஒரு பழக்கம். லத்தீனில் புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட, உள்ளூரில் என்ன சொல்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்வார். ரோகு ரோகிதா ஆனது, கட்லா கட்லாவாகவே நின்றது, இலிஷ் இலிஷா ஆனது. டேனியோ என்பதும் அப்படித்தான், நெல்லோடு சம்பந்தப்பட்ட தானி என்ற வங்காளப் பேச்சுவழக்கிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. வயல்மீன் என்று நாம் சொல்லலாம். பெயரிலேயே முகவரி இருக்கிறது.

கையை விட்டுப் போன படங்கள்

1814ல் ராக்ஸ்பரோவுக்குப் பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1815ல் பணியை விட்டு ஊருக்குக் கிளம்பினார். 20 வருடம் சேர்த்த படங்களைக் கூடவே கொண்டுபோக நினைத்தார். கவர்னர் ஜெனரல் மொய்ரா அனுமதிக்கவில்லை. கம்பெனிச் செலவில் வரைந்தது கம்பெனிக்கே சொந்தம் என்பது நிலைப்பாடு. இன்று வேலையை விட்டு வரும்போது லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடு வருவீர்களே, கிட்டத்தட்ட அது.

அந்த வருடமே அம்மா வழிச் சொத்து வந்தது. அதோடு ஹாமில்டன் என்ற குடும்பப்பெயரும். 1822ல் எடின்பரோவில் கங்கை மீன்கள் பற்றிய புத்தகம் 39 படத் தகடுகளோடு வெளிவந்தது. கல்கத்தாவில் தங்கிவிட்ட படங்கள் அதில் இல்லை. சில படங்களின் நகல்களைப் பின்னால் வந்தவர்கள் அவர் பெயர் சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டார்கள். 1929ல்தான் சுந்தர்லால் ஹோரா என்ற இந்திய மீனியல் அறிஞர் கல்கத்தாவில் கிடந்த மூலப்படங்களை வைத்து எந்தப் படம் எந்த மீன் என்று நேர்செய்தார்.

அவர் 1829 ஜூன் 15ல் இறந்தார். 1838ல் மான்ட்கோமரி மார்ட்டின் என்பவர் அந்தக் கிழக்கிந்திய சர்வேயைச் சுருக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். முகப்புப் பக்கத்தில் புக்கானன் பெயர் இல்லை.

இன்னொரு இழப்பு இருக்கிறது, ஆராய்ச்சிக்கு அதுதான் பெரிது. புதிய உயிரினத்தை விவரிக்கும்போது பார்த்த மாதிரியைப் பதப்படுத்தி வைப்பது வழக்கம். வரிக்குதிரை மீனுக்கு அப்படி அவர் பார்த்த மாதிரி எதுவும் இன்று இல்லை. கோசியில் அன்று நீந்திய மீனின் டிஎன்ஏவை எடுத்துப் பார்க்க வழியே கிடையாது. எழுத்து மட்டும்தான் மிச்சம்.

வயலிலிருந்து ரேக்குக்கு

பிறகு நூறு வருடத்துக்கு மேல் அது வெறும் தொட்டி மீன். கதை மாறியது அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில். ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1927ல் புடாபெஸ்டில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. வைரஸ் மரபியலில் பெயர் வாங்கிய பிறகு, முதுகெலும்புள்ள ஒரு எளிய விலங்கு வேண்டும் என்று தேடி இந்த மீனைப் பிடித்தார். செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய மீன்கள்தான் ஆரம்பம். அப்படி வாங்கிய ஏ, பி என்ற இரண்டு கிளைகளைச் சேர்த்த ஏபி வகைதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரே தாயின் மரபணுவிலிருந்து குளோன் மீன்களை உருவாக்கிய அவருடைய கட்டுரை 1981ல் வந்தது. 1984ல் ஆழ்கடல் நீச்சலின்போது இறந்தார். 1996 டிசம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன், அமெரிக்காவின் பாஸ்டன் இரண்டிலும் நடந்த மாபெரும் மரபணுத் தேடலின் முடிவுகள் ஒரே இதழில் 37 கட்டுரைகளாக வந்தன. அதோடு இந்த மீன் நிலைத்தது.

காரணம் எளிது. கரு கண்ணாடி மாதிரி. ஒரே நாளில் இதயம் துடிப்பதை மைக்ரோஸ்கோப்பில் நேராகப் பார்க்கலாம். ஒரு ஜோடி ஒரு காலையில் 200, 300 முட்டை போடும். மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். 2013ல் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணையானது இந்த மீனிடம் இருப்பது தெரிந்தது. இந்தியாவில் டெல்லியின் ஐஜிஐபி நிறுவனம் அசாம் காட்டுவகை மீனின் மரபணுத்தொகுதியை 2009ல் படித்துக் காட்டியது.

திருப்பதியில் ஒரு மீன் அறையை மேம்படுத்தினால்?

1954ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015ல் வந்த ஐஐஎஸ்இஆர், ஸ்விம்ஸ், கால்நடைப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கும் ஊர் திருப்பதி. இப்படி ஒரு ஊரில், கண்ணாடித் தொட்டியும் ஏர் பம்பும் வைத்து மீன் வளர்க்கும் ஒரு கூடத்தை மருத்துவ ஆராய்ச்சித் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ உங்கள் நண்பரோ அங்கே பிஹெச்.டி. பண்ணலாம். பட்ஜெட் மீட்டிங்கில் முதலில் எல்லோரும் பேசுவது பளபளக்கும் ரேக் பற்றி. நான் முதலில் கேட்பது தண்ணீர் பற்றி.

இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. அதை அப்படியே விட முடியாது. ஆர்.ஓ. வழியாக உப்பை எடுத்துவிட்டு, பிறகு அளந்த அளவு உப்பைத் திரும்பக் கலப்பார்கள். உப்பை எடுத்து உப்பைப் போடுவது கேலியாகத் தெரியலாம். ஆனால் ஜனவரித் தண்ணீரும் மே மாதத் தண்ணீரும் ஒன்றாக இருந்தால்தான் ஜனவரி முடிவையும் மே முடிவையும் ஒப்பிட முடியும். அந்தத் தண்ணீர் ரேக்குகளில் சுற்றி வரும். குப்பையை ஒரு வடிகட்டி பிடிக்கும், புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், தினமும் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுத் தண்ணீர் சேரும்.

நடுவில் இருப்பது உயிர் வடிகட்டி, அதுதான் எல்லோரும் அவசரப்படும் இடம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அந்த பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிய அன்றே பழைய மீன்களை எல்லாம் புது ரேக்கில் போட்டால், அந்த மாதமே மிதக்கும். பல ஆண்டு வளர்த்த மரபணு மாற்றிய ஒரு வகை அப்படிப் போனால் திரும்ப வராது.

அடுத்து சூடு. உலகம் முழுக்க 28.5 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். கருவுக்கு எத்தனை மணி நேர வயது என்று சொல்லும் அட்டவணையே அந்த வெப்பநிலைக்கு எழுதப்பட்டது. இரவில் கரண்ட் போய், சூடு குறைந்தால் கரு வளர்ச்சி மெதுவாகும். உங்கள் நோட்டில் 24 மணி என்று இருக்கும், கருவோ பின்தங்கியிருக்கும். மருந்து கொடுத்ததால் வளர்ச்சி குறைந்ததா, கரண்ட் போனதால் குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. திருப்பதியில் கோடையில் குளிர்விக்கவும், பலமநேர் மேட்டில் கட்டினால் டிசம்பரில் சூடாக்கவும் செலவு வைக்க வேண்டும். ஜெனரேட்டர் இரண்டு இடத்துக்கும் பொது.

இனப்பெருக்கம் நேரத்தோடு கட்டியது. 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. முந்தின நாள் சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரு சின்னப் பெட்டியில் தடுப்பு வைத்துப் பிரித்து விடுவார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டை போடும். பெட்டிக்கு அடியில் சல்லடை இருக்கும். முட்டை கீழே விழுந்தால் தப்பும், இல்லாவிட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். அதனால் அந்த அறையில் சாதாரண ஸ்விட்ச் போர்டு கூடாது. செக்யூரிட்டி இரவில் லைட் போட்டுப் பார்த்தாலே கணக்கு கெட்டுவிடும்.

புக்கானன் பார்த்த மீனுக்கு இதில் எதுவும் இல்லை. காட்டில் அது குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 38 டிகிரி வரைகூடத் தாங்குகிறது. மெதுவாக ஓடும் வாய்க்கால், வயல், மழையில் நிறையும் குட்டை, இவைதான் வீடு. பெருகுவதும் முக்கியமாக மழைக்காலத்தில். அப்படியானால் ஆய்வகத்தில் இவ்வளவு கவனம் எதற்கு? மீன் பிழைப்பதற்கு மட்டுமில்லை, முடிவு ஒரே மாதிரி வருவதற்காக.

ஆனால் அந்த ஒரே மாதிரிக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறோம் என்பது 2014ல் தெரிந்தது. காட்டு வரிக்குதிரை மீன்களில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதில் 4ஆவது குரோமோசோமின் ஒரு முனைக்குப் பெரும் பங்கு உண்டு. ஏபி, டூபிங்கன் போன்ற ஆய்வக வகைகளில் அந்த ஏற்பாடு காணாமல் போயிருக்கிறது. எத்தனை தலைமுறை தொட்டியில் வளர்த்ததில் எங்கே நழுவியதோ! விளைவு நடைமுறையிலும் தெரியும்: ஆய்வக வகைகளில் குஞ்சுகளை நெருக்கி வளர்த்தாலோ தீனி குறைந்தாலோ ஆண்கள் மிகுந்துவிடும். பெண் இல்லையென்றால் முட்டை இல்லை, முட்டை இல்லையென்றால் சோதனை இல்லை. ஆகவே புது ரேக்கில் லிட்டருக்கு எத்தனை மீன் என்பதை இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வளர்ந்த மீனுக்கு லிட்டருக்கு 5 என்பது பல கூடங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பான கணக்கு. குஞ்சுகளுக்கென்று தனி நர்சரி, ஆர்டீமியா போன்ற உயிருள்ள தீனி பொரிக்க ஒரு மூலை, அதைப் பார்த்துக்கொள்ள முழுநேரமாக ஒரு ஆள், இவையும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஆள் சம்பளம் பெரும்பாலும் கடைசி வரியில் வெட்டப்படும் செலவு. ஞாயிற்றுக்கிழமையும் மீனுக்குப் பசிக்கும்.

அந்த 2014 ஆய்வில் பழைய குரோமோசோம் ஏற்பாட்டை இன்னும் வைத்திருந்த வகைகளில் இரண்டு நதியா, கூச் பெஹார் என்ற பெயர் கொண்டவை. இரண்டும் மேற்கு வங்க மாவட்டங்கள். கூச் பெஹார், புக்கானன் சர்வே செய்த ரங்பூரை ஒட்டிய நிலம். நோய்க்கான மரபணு வேறுபாட்டைத் தேடுகிறவர்களுக்கு இத்தகைய காட்டு வகைகள் புதையல். இந்திய ஆய்வகத்துக்கு அவை ரயில் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் வயல் மீனை நேராக ரேக்கில் விட முடியாது. மைக்கோபாக்டீரியா, நரம்பைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் எல்லாம் கூடவே வரும், சுற்றி ஓடும் தண்ணீரில் ஒரே தொட்டியிலிருந்து எல்லாத் தொட்டிக்கும் பரவும். வந்த மீனைத் தனித் தண்ணீர் இணைப்பு உள்ள வேறு அறையில் வைத்து, முட்டை எடுத்து, அந்த முட்டையின் மேற்புறத்தை ப்ளீச்சில் கழுவி, அதிலிருந்து பொரித்த குஞ்சுகளை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அப்பா அம்மா கடைசிவரை வெளியிலேயேதான். திட்ட வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், அந்தத் தனி அறையும் அதற்கான தனிக் குழாயும் அதில் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள்.